அப்பிள்ளைக்காக உடன் நிற்போம்

மதீனாவில், அறிவில் சற்றே குறையுடைய பெண்மணி ஒருவர், தமக்கொரு தேவை உண்டென அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அண்ணலார் முகம் சுளிக்கவில்லை. அவர் விரும்பிய தெருவிலேயே, அவருடைய தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அந்த நபியின் உம்மத்தாகிய நாம், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை வீட்டினுள் மறைத்து வைப்பதேன்? பள்ளிக்கூடம் இடமில்லை என்றதும் தலைகுனிந்து திரும்புவதேன்?

நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்தல் வேண்டும் என்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. ஆகவே, நாம் கேட்பது யாசகமன்று, உரிமை!

எனினும், ஒரு தாய் தனியே கேட்டால் அக்குரல் எளிதில் அடங்கிவிடும். ஜமாஅத்தார் உடன் செல்லட்டும். அதற்குமுன் நம் மக்தபில் அப்பிள்ளைக்கு இடமளிக்கட்டும். ஒரு கலிமாவைக் கற்க ஓராண்டு ஆயினும் உஸ்தாது பொறுமை காக்கட்டும்.

தெருவில் நின்ற அண்ணலாரின் நேரத்தினும் நம் நேரம் பெரிதோ? வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.