காலிப் பீப்பாயில் கனியும் உரம்

சோமனூர் என்றவுடன் விசைத்தறியின் ஓசையே நினைவுக்கு வரும். தறியும் சாயமும் பிழைப்பாக உள்ள இவ்வட்டாரத்தில் காலி இரும்புப் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றைச் சுழலும் உரக்கலனாக மாற்றினால், அன்றாடம் குப்பையில் சேரும் காய்கறிக் கழிவு வீண்விரயமாகாமல் தோட்டத்திற்கு உணவாகும்.

இக்கலை புதிதன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, இலைதழையையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிடும் 'இந்தூர் முறை'யை வகுத்தார். புரட்டும்போது காற்றுப் புகுகிறது. மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மண்வெட்டியின் அந்த வேலையைச் சுழலும் பீப்பாய் எளிதாக்கிவிடுகிறது.

ஆயினும், பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். சாயமோ, அமிலமோ, பூச்சிமருந்தோ இருந்த பீப்பாய் அறவே கூடாது. சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பதையும், 2011-இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும் நாம் அறிவோம். அந்த நஞ்சை நம் கீரைப் பாத்திக்கு நாமே அழைத்து வரலாமா? சமையல் எண்ணெய் போன்ற உணவுப்பொருள் இருந்த 200 லிட்டர் பீப்பாயே ஏற்றது.

அதையும் வீட்டில் வைத்து வெட்ட வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய், நெருப்புப் பட்டால் ஆவியாகி வெடிக்கக்கூடும். வெந்நீரும் சோப்பும் கொண்டு நன்கு கழுவியபின், தேர்ந்த பட்டறைக்காரரிடமே ஒப்படையுங்கள்.

பீப்பாயைக் கிடையாக வைத்து, இரு முனைகளின் நடுவிலும் துளையிட்டு இரும்புக் குழாயைச் செருகி, இருபுறமும் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலத்தில் கீலும் தாழ்ப்பாளும் கொண்ட கதவு அமையட்டும். சுற்றிலும் முப்பது நாற்பது சிறு துளைகள் காற்றுக்கும் வடிகாலுக்கும் போதும். உட்புறம் இரண்டு பட்டைகளைப் பொருத்தினால் கழிவு வழுக்காமல் புரளும். துருவைத் தடுக்க வெளிப்புறம் வண்ணம் பூசுங்கள்.

காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு பங்கு சேருங்கள். தொடக்கத்தில் சிறிது சாணமோ பழைய உரமோ இட்டால் விரைவில் மட்கும். பிரியாணி மீதம், எலும்பு, மீன் செதில் ஆகியவற்றைத் தவிருங்கள். நாற்றமும் எலியும் வரும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிவதே சரியான ஈரம். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே புரள இடமிராது. மூன்று நாளைக்கு ஒருமுறை சில சுற்றுகள் சுழற்றுங்கள். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்று பொருள். சருகு சேர்த்தால் நீங்கும்.

நிரம்பியபின் புதுக்கழிவு இடாமல் இரண்டு மாதம் சுழற்றி வந்தால், கரிய நிறமும் மழைமண் வாசமும் கொண்ட உரம் கிட்டும். மேலும் ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டுச் செடிகளுக்கு இடலாம்.

சகோதரிகளே! மலிவாகக் கிடைக்கிறது என்று எந்தப் பீப்பாயையும் வாங்கிவிடாதீர்கள். விலை பேசுமுன் கடைக்காரரிடம், "இதில் முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், அந்தப் பீப்பாய் அங்கேயே இருக்கட்டும்.