அட்மிஷன் கிரிவலம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நன்றாக நடக்கிறவர்கள் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். அதே ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு இன்னொரு கிரிவலம் நடக்கும். அதற்குப் பௌர்ணமி கணக்கெல்லாம் கிடையாது. கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஒரிஜினல் சர்டிஃபிகேட், பக்கத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாவோ அம்மாவோ. பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், படித்த பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, கல்லூரி வாசல், மறுபடியும் ஜெராக்ஸ் கடை... அஷ்ட லிங்கத்துக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை :-)

அரசுக் கலைக் கல்லூரி அட்மிஷனைப் பற்றித்தான் பேச்சு. "அதில் என்ன பெரிய பிரச்சினை? அப்ளிகேஷன் போட்டால் சீட் கிடைக்கப் போகிறது" என்று இன்ஜினியரிங் பக்கம் போனவர்கள் கேட்பார்கள். அவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இடங்கள். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். 69 சதவீத இட ஒதுக்கீடு. விண்ணப்பக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. உள்ளே போய்விட்டால், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் (2022) மாதம் 1000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024) அதே 1000 ரூபாய். இந்தியாவில் எத்தனை மாநிலத்தில் இது உண்டு? பாராட்ட வேண்டியதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

கோளாறு வாசலில் இருக்கிறது.

ஒரே மாவட்டம், ரெண்டு வாசல்

திருவண்ணாமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி என்று பேர். மாவட்டத் தலைநகரில் கலைஞர் கருணாநிதி அரசுக் கலைக் கல்லூரி, வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில். ரெண்டும் அரசு வாசல்தான். ஆனால் உள்ளே போகிற வழி வேறு வேறு.

ஆரணியில் சேர விரும்பும் பையன் என்ன செய்கிறான்? பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மாநிலம் முழுக்க ஒரே ரேங்க் லிஸ்ட். பிடித்த கல்லூரி, பிடித்த பிரிவு என்று ஆசைப்பட்ட வரிசையில் பட்டியல் போடுகிறான். மார்க், வகுப்பு, விருப்ப வரிசை மூன்றையும் பார்த்து கம்ப்யூட்டர் சீட் ஒதுக்குகிறது. ரேங்க் 40,000 ஆக இருந்தாலும், எந்தக் கல்லூரி எந்த கட் ஆஃபில் மூடியது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 1997-ல் இந்த ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியபோது எல்லோரும் கிண்டிக்கு நேரில் போக வேண்டியிருந்தது. 2018-ல் அதுவும் ஆன்லைன் ஆனது. கோயம்பேட்டில் விடியற்காலை இறங்கி, வரிசையில் நின்று, திரையில் சீட் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்து வயிற்றைக் கலக்கிய காலம் போயே போச்சு.

கலைக் கல்லூரிக்குப் போகிற பெண் என்ன செய்கிறாள்? விண்ணப்பம் அவளுக்கும் ஆன்லைன்தான், 2020-லிருந்து. அதோடு ஆன்லைன் முடிந்தது. விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக ரேங்க் லிஸ்ட் போடும். தனித்தனியாகக் கூப்பிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினலோடு நேரில் போக வேண்டும். திருவண்ணாமலையிலும் செய்யாறு அறிஞர் அண்ணா கல்லூரியிலும் போட்டிருந்தால் ரெண்டு லிஸ்ட், ரெண்டு பயணம். கலந்தாய்வின் முதல் கட்டம் எல்லாக் கல்லூரியிலும் ஏறத்தாழ அதே நாட்களில் நடக்கும். ரெண்டு இடத்திலும் ஒரே நாளில் கூப்பிட்டால்? பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஆக, மவுஸை நகர்த்தி சீட் எடுக்கும் வசதி யாருக்கு? கோச்சிங், லேப்டாப், விவரம் தெரிந்த மாமா, இதெல்லாம் ஓரளவுக்காவது வாய்த்தவர்களுக்கு. நேரில் வந்து நில் என்பது யாருக்கு? பஸ் காசுக்கே யோசிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு. எவ்வளவு தலைகீழ் பாருங்கள்!

லிஸ்ட் எப்படி ஏமாற்றுகிறது

நல்ல மார்க் எடுத்த ஒரு பையன் நாலு கல்லூரிக்குப் போட்டிருப்பான். நாலு லிஸ்டிலும் அவன் பேர் மேலே இருக்கும். சேரப் போவது ஓர் இடத்தில். மீதி மூன்று லிஸ்டிலும் அவன் வெறும் பேர். இப்படி ஒவ்வொரு லிஸ்டும் வராதவர்கள் பேரால் ஊதிப்போய்க் கிடக்கும்.

அந்த லிஸ்டில் 400-வது இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு என்ன அர்த்தம்? 60 சீட்டுக்கு 400 என்றால் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் மூன்றாம் சுற்றில் அவளுக்குக் கிடைத்திருக்கலாம். மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கூப்பிடுகிறார்கள், வரவில்லை, அடுத்த சுற்று, மறுபடி கூப்பிடுகிறார்கள்... நடுவில் இன்ஜினியரிங் கலந்தாய்வு முடிந்ததும் ஒரு கூட்டம் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பும். அப்போது மறுபடி காலி இடம், மறுபடி அறிவிப்பு. வாத்தியார்களும் கௌரவ விரிவுரையாளர்களும் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு சர்டிஃபிகேட் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. முறையே அப்படி.

இதில் எஸ்.எம்.எஸ். கூத்து தனி. விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் யாருடையது? அப்பாவுடையது. அவர் பெங்களூரில் கட்டட வேலையில். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர் அண்ணன் நம்பர். கலந்தாய்வுக்கு வா என்ற செய்தி அவர் போனில் நூறு செய்திக்கு நடுவில் தூங்கும்.

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு நாள்

ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று வையுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி போளூர், அங்கிருந்து திருவண்ணாமலை. அன்று பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நின்றுவிடும், மீதி தூரம் நடை. அவள் வந்து சேர்வதற்குள் அவள் ரேங்கைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கான விசாரணை முடியாமல் இருந்தால் இட ஒதுக்கீட்டில் அவளுக்கு இருக்கும் உரிமை அன்றைக்குக் காகிதத்தில் மட்டும்தான்.

பெண் பிள்ளையை இப்படி எத்தனை தடவை அனுப்புவார்கள்? ஒரு தடவை. கெஞ்சினால் ரெண்டு தடவை. மூன்றாவது தடவை வீட்டில் வேறு பேச்சு ஆரம்பிக்கும். இதே மாவட்டத்தில், செய்யாறு சிப்காட் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஊருக்குள்ளேயே வருகிறது. அதற்கு ரேங்க் லிஸ்ட் இல்லை, மூன்றாம் சுற்று இல்லை. வேலைக்குப் போவது தப்பில்லை. ஆனால் பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசைப்பட்ட பெண், காலி இடம் இருந்தும் அது தெரியாமல் வேனில் ஏறினால் அது அவள் முடிவு இல்லை. அரசாங்கம் அவளுக்காக எடுத்த முடிவு.

உள்ளே வந்தால் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, உள்ளே வருவதற்கு நாலு நாள் கூலியைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

50 வருஷத்துக்கு முன்பே கேட்ட கேள்வி

இது புதுப் பிரச்சினையும் இல்லை. மருத்துவக் கல்லூரி அட்மிஷனை ஒரு காலத்தில் தமிழக அரசு இப்படித்தான் நடத்தியது. சென்னைக் கல்லூரிகள் ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி யூனிட், ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு. பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்த யூனிட் முறை செல்லாது என்றது. காரணம் எளிமையானது. ஒரு யூனிட்டில் கூட மார்க் எடுத்தவன் வெளியே நிற்பான், இன்னொரு யூனிட்டில் குறைந்த மார்க் எடுத்தவன் உள்ளே போவான். இது சமத்துவம் இல்லை.

"அப்போது ஒரு குழுவுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், இப்போது பல கல்லூரிக்குப் போடலாமே" என்று வாதம் வரும். போடலாம். போய் நிற்க முடியுமா? ஒரே நாளில் ரெண்டு ஊரில் நிற்கத் தெரிந்தவர்கள் சித்தர்கள் மட்டும்தான். திருவண்ணாமலையில் அவர்களுக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் அவர்கள் பி.காம். படிக்க வருவதில்லை.

பக்கத்து மாநிலங்கள் என்ன செய்தன? தெலங்கானா 2016-லிருந்து பட்டப் படிப்புகளுக்கு ஒரே ஆன்லைன் சேர்க்கை நடத்துகிறது. கேரளப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கல்லூரிகளுக்கு மையப்படுத்திய அலாட்மென்ட் செய்கின்றன. முதலில் ஒரு சோதனை அலாட்மென்ட் போட்டுக் காட்டி, விருப்பத்தை மாற்றிக்கொள்ளவும் விடுகின்றன. மேற்கு வங்காளமும் 2024-ல் வந்துவிட்டது. சிங்கிள் விண்டோவை 1997-லேயே நடத்திக் காட்டிய தமிழ்நாடு, கலைக் கல்லூரி என்று வந்ததும் மைக் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

சாக்குகளும் பதில்களும்

"கிராமத்துப் பிள்ளைக்கு ஆன்லைன் வராது." விண்ணப்பமே ஆன்லைன் ஆன பிறகு இந்தச் சாக்கு செல்லாது. இன்ஜினியரிங்குக்கு மாவட்டம்தோறும் சேவை மையம் வைக்க முடிகிறதே, அதே கல்லூரிகளில் இதற்கும் வையுங்கள்.

"தமிழுக்கு ஒரு மார்க், ஆங்கிலத்துக்கு ஒரு மார்க், மற்றதற்கு நாலு பாட மார்க், சிக்கல்." கம்ப்யூட்டருக்கு மூன்று பட்டியல் ஒரு சிக்கலா? சிக்கல் எல்லாம் வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான்.

"மையப்படுத்தினால் நாளைக்கு நுழைவுத் தேர்வும் வந்துவிடும்." இது நியாயமான பயம், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-ல் ரெண்டும் சேர்ந்தேதான் வந்தன. ஆனால் சீட் ஒதுக்குவது வேறு, பரீட்சை வைப்பது வேறு. தமிழ்நாடு 2007-லிருந்து நுழைவுத் தேர்வு இல்லாமல்தான் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரம் நடத்துகிறது.

"நேரில் வந்தால் பேராசிரியர் ஆலோசனை சொல்வார்." உண்மைதான். பல நல்ல வாத்தியார்கள் அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஆலோசனையை மே மாதமே பள்ளிக்கூடத்தில் சொல்லலாம். சீட் கிடைப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. நல்ல மனசு இருக்கும் இடத்தில் சிபாரிசுக் கடிதமும் நுழையும்.

கேட்பது இவ்வளவுதான்

1. அரசுக் கலைக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே விருப்பப் பட்டியல், ஒரே ஒதுக்கீடு. மார்க்கும் 69 சதவீதமும் அப்படியே இருக்கட்டும்.

2. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கல்லூரி வாரியாக, பாடம் வாரியாக, வகுப்பு வாரியாக கட் ஆஃபும் காலி இடமும் பொதுவில் வரட்டும்.

3. கடைசிச் சுற்று பொறியியல் கலந்தாய்வுக்குப் பிறகு நடக்கட்டும்.

4. நேரில் வருவது ஒரே தடவை, சேரும் அன்று மட்டும். சாதிச் சான்றிதழ் தாமதமானால் இடத்தைப் பிடித்து வைத்து அவகாசம் கொடுங்கள்.

5. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியாகிவிட்டது. தனியார் கல்லூரியில் டி.சி. மாட்டிக்கொண்டு அரசு சீட்டை இழக்கும் பிள்ளைக்கு அதை அமல்படுத்திக் காட்டுங்கள்.

இதில் ஒன்றுக்கும் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டாம். சாஃப்ட்வேர் கிண்டியிலேயே பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டியது ஒரே ஒரு நினைப்பு. பி.ஏ. தமிழ் படிக்க வருகிற பிள்ளையின் ஒரு நாளும், பி.இ. படிக்க வருகிற பிள்ளையின் ஒரு நாளும் ஒரே விலை என்கிற நினைப்பு.

மலையைச் சுற்றுவது பக்தி. அதை விரும்புகிறவர்கள் செருப்பில்லாமல் சுற்றட்டும். படிக்க வந்த பிள்ளையைச் சுற்ற விடுவதற்குப் பேர் வேறு.