தலைப்பை மாற்றச் சொல்கிறவர்கள்

உங்கள் நாவலின் தலைப்பை யாராவது கூகுளில் தேடுவார்களா என்று பாருங்கள். தேட மாட்டார்கள் என்றால் தலைப்பை மாற்றுங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடும் எழுத்தாளர்களுக்கு எஸ்இஓ சொல்லித்தரும் வகுப்புகளில் இதுதான் அரிச்சுவடி. அடுத்த பாடம், தலைப்புக்கு ஒரு வால் ஒட்டுவது: ‘மனதை உருக்கும் தமிழ்க் குடும்ப நாவல்.’ மூன்றாவது, கீவேர்டு பார்த்து வாரம் மூன்று பிளாக் பதிவு. நான்காவது, கிண்டிலின் கீவேர்டு கட்டங்களில் சுஜாதா, பாலகுமாரன், ரமணிசந்திரன் என்று பெயர்களைப் போட்டு நிரப்புவது. இதற்குக் கட்டணம் வேறு.

பட்டென்று சொல்லிவிடுகிறேன், இது ஏமாற்று வேலை. இலக்கியம் புனிதம், சந்தை சாக்கடை என்கிற கோபத்தில் இதைச் சொல்லவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான், தேடுபொறியோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. இவர்கள் சொல்லித்தருவது வேலை செய்யாது என்பதுதான் என் முதல் புகார். வேலை செய்யாததோடு நிற்காமல் எழுத்தையும் கெடுக்கிறது என்பது இரண்டாவது.

முதலாவதை முதலில் பார்ப்போம். 1998இல் செர்கேய் பிரின்னும் லாரி பேஜும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மையம் ரொம்ப எளிமையானது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன பீற்றிக்கொள்கிறது என்பதை மட்டும் பார்க்காதே, மற்ற பக்கங்கள் அதைச் சுட்டுகின்றனவா என்று பார். ஊரில் ஒருத்தன் ‘நான் நல்லவன்’ என்று தானே சொல்லிக்கொண்டால் யார் மதிப்பார்கள்? நாலு பேர் சொல்லணும். அந்த நாலு பேரும் ஊர் மதிக்கிற ஆளாக இருக்கணும். அதன்பிறகு தேடுபொறிக்குள் எத்தனையோ விஷயங்கள் சேர்ந்துவிட்டன, ஆனால் அது போகிற திசை மாறவில்லை. பக்கத்தின் தலையில் ஒளித்துவைக்கும் மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. கீவேர்டை வைத்துப் பண்ணை போட்டுக் கட்டுரை விளைவித்த தளங்களை 2011இல் பாண்டா என்ற மாற்றம் கீழே தள்ளியது. மனிதருக்கு இல்லாமல் தேடுபொறிக்கென்றே எழுதப்பட்ட பக்கங்களை இறக்குவதற்காக 2022 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம் வந்தது. ஆக, காசு வாங்கிக்கொண்டு இவர்கள் கற்றுத்தருவது, எதைச் செய்தால் கூகுள் இறக்குமோ அதை.

கிண்டில் கதையும் இதேதான். அங்கே கீவேர்டுக்கு 7 கட்டங்கள் உண்டு. மற்ற எழுத்தாளர்களின் பெயரைப் போடக்கூடாது என்று அமேசானின் விதியிலேயே இருக்கிறது. விதியை மீறினால் மாட்டிக்கொள்வது எழுதியவரின் கணக்கு, வகுப்பு எடுத்தவருடையது இல்லை.

இதையெல்லாம் விடுங்கள். ஒரு நாவலை யார், எப்படித் தேடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே இந்தப் பாடத்திட்டம் சரிந்துவிடும். ‘பல்வலிக்கு என்ன செய்வது’ என்று தேடுகிறவனுக்குத் தேவை முதலில் இருக்கிறது, பக்கம் பிறகு வருகிறது. இலக்கியத்தில் அது தலைகீழ். ‘அப்பாவோடு பேசாமல் இருபது வருஷம் இருந்த மகனைப் பற்றிய கதை’ என்று யாரும் தட்டச்சு செய்து காத்திருப்பதில்லை. படித்த பிறகுதான் அது தனக்கு வேண்டியிருந்தது என்றே தெரிகிறது. யாரோ ஒரு நண்பர் சொன்ன பெயரை, பாதி நினைவில் வைத்துக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்குத் தேடுகிறோம். அந்தப் பெயர் கிடைக்கணும். சுயமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளருக்குத் தேடுபொறியிடமிருந்து தேவைப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம் நம் மொழியில் எவ்வளவு கஷ்டம் என்பதை வகுப்புகள் தொடுவதே இல்லை. அமெரிக்க எழுத்தாளர்களுக்காகத் தயாரித்த பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தால் எப்படித் தொடும்?

‘கௌரி’ என்று ஒருவர் அடிக்கிறார். இன்னொருவர் கொம்பு போட்டு, பக்கத்தில் ள எழுத்தை அடித்து, ‘கெளரி’ என்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸ வைத்து, மற்றது 2005இல் சேர்க்கப்பட்ட ஶ வைத்து. திரையில் வித்தியாசமே தெரியாது. ‘சிறுகதைத் தொகுப்பு’ என்று நீங்கள் ஒற்றோடு போட்டிருப்பீர்கள், தேடுகிறவர் ஒற்று போடமாட்டார். பாதிப் பேர் தமிழிலேயே அடிக்கமாட்டார்கள். ஆங்கில எழுத்தில், ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்து வைத்து, தோன்றியபடி அடிப்பார்கள். கூகுள் ஓரளவு ஊகித்துவிடும். புத்தகக் கடைத் தளத்தின் தேடுபெட்டியிடம் அந்தக் கருணையைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் வடிவமைத்த பிடிஎஃப்புகள் இன்னொரு சோகம். மனிதன் திறந்தால் தமிழ், கணினி திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. முந்நூறு பக்க நாவல் இணையத்தில் பத்திரமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட யாராலும் தேடி எடுக்க முடியாது.

கிண்டிலில் போட்டுவிட்டால் முடிந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்புத்தகத்தின் உள்ளடக்கம் தேடுபொறிக்குத் தெரியாது. தெரிவது விற்பனைப் பக்கத்தில் நீங்கள் எழுதும் நாலு வரி அறிமுகம்தான். கேடிபி செலக்டில் சேர்த்தால் 90 நாள் ஒப்பந்தம், அதுவரை மின்வடிவில் வேறெங்கும் புத்தகத்தைத் தரமுடியாது. மாதிரியாக 10 சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். அந்த 10 சதவீதத்தையாவது எத்தனை பேர் வைக்கிறார்கள்? வகுப்பில் சொல்லித்தரவேண்டியது இது. சொல்வதில்லை. இதைச் சொல்ல அரைமணி நேரம் போதும், ஆறு வாரம் வகுப்பு ஓட்ட முடியாது, அதனால்.

இப்போது இரண்டாவது புகார். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கதைத் தொகுப்புக்கு ஒரு கிராமத்துச் சொல்லைத் தலைப்பாக வைத்திருந்தார். கிணற்றடி சம்பந்தப்பட்ட சொல், அவருடைய பாட்டி புழங்கியது. தேடல் எண்ணிக்கை பூஜ்யம் என்று ஆலோசகர் காட்டினார். தலைப்பு ‘கிராமத்துக் கதைகள்’ ஆனது. இப்போது அந்தத் தலைப்பைத் தேடினால் அதே பெயரில் வீடியோக்கள், சமையல் சேனல், குழந்தைகள் கதை எல்லாம் வருகின்றன, அவர் புத்தகம் வருவதில்லை. பழைய சொல்லை வைத்திருந்தால் அந்தப் பெயரில் அவர் ஒருத்தர்தான் இருந்திருப்பார். பூஜ்யம் என்று ஆலோசகர் காட்டிய எண், அந்த இடத்தில் போட்டியே இல்லை என்றும்தான் சொல்லியது. அதைப் படிக்கத் தெரியாதவர்தான் காசு வாங்கியிருக்கிறார்.

அவருக்கு நஷ்டம் தலைப்போடு நிற்கவில்லை. அடுத்த புத்தகத்தை எழுதுவதற்கு முன்பே கீவேர்டு பட்டியலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கீவேர்டு என்பது ஏற்கெனவே நிறையப் பேர் தேடிய சொல். அதைப் பார்த்து எழுதுகிறவன் ஏற்கெனவே எழுதப்பட்டதை மறுபடி எழுதுகிறான். சுயபதிப்பின் ஒரே பெருமை, நடுவில் ஒருத்தரும் ‘இது விக்காது தம்பி’ என்று சொல்லமாட்டார்கள் என்பதுதான். அந்தப் பதிப்பாளரை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, ஒரு எண்ணிக்கைப் பட்டியலைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பையும் சும்மா விடமுடியாது. ‘நான் எழுதுவேன், காலம் கண்டுபிடிக்கும்’ என்று மெட்டாடேட்டாவை முகம் சுளித்துப் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. காலம் தானாக எதையும் கண்டுபிடித்ததில்லை. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு இருக்கிறதே, அது என்ன? சுத்தமான மெட்டாடேட்டா. அந்தக் குறிப்பு இல்லையென்றால் பல பாடல்களில் யாரை யார் பாடினார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முன்கூட்டியே கையொப்பக்காரர்களைத் திரட்டினார். அவருடைய பதிப்புகளில் அகராதிகளும் முதற்குறிப்புகளும் முன்னுரைகளும் எத்தனை! தேடுகிறவன் கைக்குப் பாட்டு சிக்கவேண்டும் என்ற அக்கறையில் அதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டிருப்பார். அதைச் செய்ததால் அவர் வியாபாரி ஆகிவிடவில்லை.

குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்று ஒரு கவிஞர் இருக்கிறார். உண்மைப் பெயர் தெரியாது. தொகுத்தவர்கள் அவருடைய பாட்டில் வரும் தொடரையே அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். ஊர் மறக்காத சொல் எதுவோ அதுவே அவரைக் கண்டுபிடிக்கும் வழி ஆனது. அந்தச் சொல்லை யாரும் எந்தப் பட்டியலிலிருந்தும் எடுக்கவில்லை, பாட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆகவே தலைப்பை மாற்றாதீர்கள். உங்களுடையதாக ஒரு பக்கம் வைத்து, புத்தகத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலாக இருந்தால் எல்லாவற்றையும். ஒரு கதையை, அல்லது முதல் அத்தியாயத்தை, யூனிகோடில் திறந்து வையுங்கள். கிண்டிலின் 7 கட்டங்களில் உண்மையைப் போடுங்கள்: ஊர், காலம், தொழில், கதையில் வரும் ஆறு. அச்சுப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் வாங்குங்கள், இந்தியாவில் அது இலவசம். ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. பிறகு எழுதப் போங்கள்.

மிச்ச வேலை எழுத்தாளருடையது இல்லை, நம்முடையது. பிடித்த புத்தகத்தின் அட்டையை ஸ்டோரியில் போட்டு இரண்டு இதயம் ஒட்டுகிறோம், 24 மணி நேரத்தில் அது காணாமல் போகிறது. புத்தகத்தின் பெயரைச் சரியாக எழுதி, எழுதியவரின் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுத்து, ஏன் பிடித்தது என்று பொதுவெளியில் பத்து வரி எழுதுங்கள். நாலு பேர் சொல்லணும் என்றேனே, அந்த நாலு பேரைக் காசு கொடுத்து வாங்க முடியாது.