குதிரையைப் படித்தால் பணம் வருமா?

இளம்பிள்ளையில் ரேஸ் மைதானம் கிடையாது. ஆனால் கிண்டியிலும் பெங்களூரிலும் ஓடும் குதிரைகளைப் பற்றிய பேச்சு இங்குள்ள தறிக்கூடங்கள் வரை வந்துவிடுகிறது. “லாட்டரிதான் குருட்டு அதிர்ஷ்டம். ரேஸ் அப்படியில்லை, கணக்கு. குதிரையைப் படித்தவன் ஜெயிப்பான்” என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. அதன் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“உச்ச நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டது.”

சொன்னது உண்மை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கின் தீர்ப்பு வந்தது. குதிரையின் வேகமும் பயிற்சியும் ஜாக்கியின் திறனும் முடிவைத் தீர்மானிப்பதால் இது திறமை ஆட்டம் என்றது நீதிமன்றம். அங்கே எழுந்த கேள்வி, இது சட்டப்படி சூதா இல்லையா என்பதுதான். பணம் கட்டுபவருக்கு லாபம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. நீதிமன்றமும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“ரேஸ் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது.”

இருக்கிறது. முந்தைய ஓட்டங்கள், தூரம், சுமந்த எடை, ஜாக்கி, பயிற்சியாளர், காலைப் பயிற்சியில் எடுத்த நேரம் எல்லாம் அச்சாகின்றன. ஆனால் அந்தப் புத்தகத்தை எல்லோரும்தான் வாங்குகிறார்கள். ஊரறிந்த செய்தி விலையில் ஏறிவிடும். நல்ல குதிரை என்று எல்லோருக்கும் தெரிந்தால் எல்லோரும் அதிலேயே கட்டுவார்கள். கிடைக்கும் தொகை சுருங்கும். அதோடு, ஹேண்டிகேப் பந்தயத்தின் நோக்கமே வித்தியாசத்தை அழிப்பது. ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் கூடினால் முதுகில் ஏறும் எடையும் கூடும். நீங்கள் புத்தகத்தில் கண்டுபிடிக்கும் பலத்தை, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உங்களுக்கு முன்பே எடைபோட்டுச் சமன் செய்திருக்கிறார்.

“ஃபேவரிட்டையே கட்டினால் நஷ்டம் வராது.”

அதிகப் பணம் விழும் ஃபேவரிட் குதிரைகள் ஏறக்குறைய மூன்று பந்தயங்களுக்கு ஒன்று என்ற அளவில் ஜெயிக்கின்றன. ஆனால் அடிக்கடி ஜெயிப்பது வேறு, லாபம் வேறு. நான்கில் ஒருமுறை ஜெயிக்கக்கூடிய குதிரை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பணத்தில் கால்பங்கு அதன் மேல் விழுகிறது. கட்டிய பணத்தையெல்லாம் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பகிரும் டோட் நூற்றுக்கு இருபது பிடித்தால், 100 ரூபாய் கட்டியவருக்கு 400 வராது, 320தான் வரும். நான்கு முறை கட்ட 400 ரூபாய், ஒருமுறை ஜெயித்தால் 320. கணிப்பு துல்லியமாக இருந்தும் 80 ரூபாய் போய்விட்டது. முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே அந்தக் குதிரை நூற்றுக்கு 31 முறைக்கு மேல் ஜெயிக்க வேண்டும்.

இதற்கு மேல் வரி வேறு. முழுப் பந்தயத் தொகை மீதும் ஜிஎஸ்டி உண்டு; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி. தோற்ற பணத்தை அதில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஓராண்டில் ஒரு லட்சம் ஜெயித்து 90,000 தோற்றவர் கையில் மிச்சம் 10,000. கட்ட வேண்டிய வரி குறைந்தது 30,000. இந்தச் சுவரை எந்தப் படிப்பால் தாண்டுவது?

“உள்ளே இருந்து டிப்ஸ் வருகிறது.”

டோட்டில் ஒரே குதிரைமேல் கட்டுபவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் குறையும். உண்மையான ரகசியம் வைத்திருப்பவருக்கு அதைப் பரப்புவது சொந்த நஷ்டம். பிறகு ஏன் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போனில் சொல்கிறார்? அவர் வருமானம் குதிரையிலிருந்து வரவில்லை, கேட்பவரின் சந்தாவிலிருந்து வருகிறது.

“ஹாங்காங்கில் ஒருவர் கணக்குப் போட்டே கோடிகள் சம்பாதித்தார்.”

பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் தொடங்கி அப்படிச் சம்பாதித்தது உண்மை. எப்படி என்பதை 1994-இல் அவரே கட்டுரையாக எழுதினார். ஒரே குதிரைகள் இரண்டே மைதானங்களில் திரும்பத் திரும்ப ஓடும் ஊர் அது. தரவு சுத்தமாகக் கிடைத்தது. கணினியும் குழுவும் பெரும் முதலும் இருந்தன. அப்படியிருந்தும் அவருடைய கணக்கு மட்டும் போதவில்லை. பொதுமக்கள் பணம் காட்டிய விலையையும் அதோடு சேர்த்த பிறகுதான் பலன் வந்தது. கூட்டத்தின் கணிப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு அவரே சாட்சி. அவர் அள்ளிய கோடிகளும் எதிரே கட்டியவர்கள் இழந்த பணம்தான்.

திறமைக்குப் பலன் உண்டு என்று நம்பும் ஊர் இளம்பிள்ளை. தறியில் ஒருவர் கை தேர்ந்தால் நல்ல சேலை கூடுதலாக ஒன்று பிறக்கிறது. அதற்காகப் பக்கத்துத் தறிக்காரர் எதையும் இழப்பதில்லை. பந்தயத்தில் எதுவும் பிறப்பதில்லை. உள்ள பணத்தில் பந்தயம் நடத்தும் கிளப்பும் அரசும் எடுத்தது போக மிச்சம் கைமாறுகிறது, அவ்வளவுதான். குதிரைகளைப் படிப்பது பிடித்தால் படியுங்கள், ரசியுங்கள். வாரக்கூலியை மட்டும் அதில் வைக்காதீர்கள். படித்ததால் தோற்க மாட்டோம் என்ற நம்பிக்கைதான் தோற்றவரை அடுத்த வாரமும் கூட்டிவருகிறது.