பழம்புடவைக்குப் பாத்திரம் வேண்டாம்

பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி இன்னும் எங்கள் ஆலங்காயத்துத் தெருக்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். முன்பு எவர்சில்வர் கிண்ணம், இப்போது பிளாஸ்டிக் பக்கெட். அவருக்குப் போட்டது போக மிச்சமிருப்பது போகியன்று நெருப்புக்குப் போகிறது. வீட்டில் வயதான தாய் தகப்பன் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தத் துணியைப் போட்டுவிடாதீர்கள். அதிலேயே அவர்களுக்கு உங்கள் கையால் ஒரு போர்வை தைத்துக் கொடுங்கள்.

"பெற்றவர்களுக்குப் பழசையா கொடுப்பது? ஊர் சிரிக்காதா?" என்று கேட்பீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோடித்துணி எடுத்துக் கொடுப்பது மரியாதை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்பதைத் தாண்டியவர்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு தீபாவளிப் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும். கட்டுவது என்னவோ அதே இரண்டு நைந்த நூல் புடவைதான். கேட்டால், "இதுதாம்பா உடம்புக்கு இதமா இருக்கு" என்பார்கள்.

பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழம்புடவையில்தானே வாங்குகிறோம்? தூளி கட்டுவதும் அதில்தான். புதுத்துணியின் கஞ்சி பிஞ்சு உடம்பில் உறுத்தும் என்று தெரிந்தே அப்படிச் செய்கிறோம். முதுமையிலும் தோல் அதே மாதிரி மெலிந்துவிடுகிறது. குழந்தைக்கு இழுக்கில்லாத பழந்துணி, பெரியவர்களுக்கு மட்டும் எப்படி இழுக்காகும்?

மார்கழியில் ஜவ்வாது மலைக் காற்று இறங்கும்போது நம் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து பளபளவென்று ரோமப் போர்வை வாங்கி வருகிறார்கள். கனமாக இருக்கிறது, வியர்வையை உறிஞ்சுவதில்லை, கட்டிலிலிருந்து நழுவி விழுகிறது. ஒரு வயதானவரால் அதைத் துவைத்துப் பிழியவும் முடியாது.

இது என் புது யோசனையும் அல்ல. மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, பீகாரில் சுஜனி, வங்காளத்தில் காந்தா என்று பழந்துணிகளை அடுக்கித் தைப்பது இந்த நாட்டில் காலங்காலமாக உண்டு. நம் 'கந்தை' என்ற சொல்லுக்கும் அந்தக் 'காந்தா'வுக்கும் வேர் ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற வங்காளப் பெண் தன் தகப்பனாருக்காக ஒரு காந்தா தைத்தார். அது அவருக்காகவே தைத்தது என்பதையும் தன் பெயரையும் நூலாலேயே எழுதி வைத்தார். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் திரட்டிய தொகுப்பில் அது சேர்ந்ததால், இன்றும் அந்தத் தகப்பனுக்கு மகள் காட்டிய அன்பை நாம் படிக்க முடிகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு கறுப்பின மக்கள் கிராமம். அங்கே 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கிழித்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு போர்வை தைத்தார். வயலில் உழைத்து வெளுத்துப்போன முழங்கால் துணிகூட அதில் இருக்கிறது. அந்த ஊர்ப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களில் வைத்தார்கள்.

நம் வழக்கமோ வேறு. ஆள் போனதும் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். வாணியம்பாடி தோல் ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்த என் அப்பாவின் சட்டைகள் அப்படித்தான் போயின. கொடியில் கிடந்த ஒரு நாலு முழ வேட்டி மட்டும் தப்பியது. அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களைக் கேட்டே துணியை எடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவும் நானும் அம்மாவுக்கு அப்படி ஒன்று தைத்தோம். ஒரு மாதம் பிடித்தது. பார்வை மங்கிய அம்மா துண்டு துண்டாகத் தடவி, "இது உன் காதுகுத்துக்குக் கட்டினது, இது உங்கப்பா வேட்டி" என்று விரலாலேயே சொன்னார். விசேஷத்துக்கு எடுத்த எந்தப் பட்டுப்புடவையையும் அம்மா இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஊசி பிடிக்க அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆம்பூர் பக்கத்து எத்தனையோ பெண்களைப் போல அக்காவும் ஷூவின் மேல்தோலை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்தவர். ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. கடல் கடந்து யார் காலுக்கோ போகும் அந்தத் தையலில் விரலெல்லாம் தழும்பு. இவ்வளவு ஊசி ஓடும் ஊரில், பெற்றவளுக்கென்று ஒரு தையல் ஓடவில்லை என்றால் அது குறைதானே?

செய்முறை சுலபம். ஆறு கஜ நூல் புடவையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும். அப்படி இரண்டு புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் ஆறு அடுக்கு. வெயில் காலத்துக்கு ஒரு புடவையே போதும். துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்து, சுருக்கமில்லாமல் விரித்து, முதலில் பெரிய தையலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே நினைவுள்ள துண்டுகளை ஓரம் மடித்து வையுங்கள். பிறகு கெட்டியான பருத்தி நூலால், இரண்டு விரல் இடைவெளியில், நேர்கோடாக ஊசி ஓட்டுங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் கலக்க வேண்டாம். ஜரிகையையும் ஒதுக்குங்கள், உடம்பில் கீறும்.

இது பெண்பிள்ளைகள் வேலை என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். நம் கடைத்தெருவில் மெஷின் மிதிப்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள்தான்.

2007இல் வந்த சட்டம், பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தர வழி செய்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த வருஷத்துப் புடவை?" என்று கேட்க எந்தச் சட்டமும் வைக்க முடியாது. போர்வை தைக்கும் சாக்கில் அது தானாக நடக்கிறது.

அடுத்த போகிக்கு முன் பீரோவைத் திறக்கும்போது, நூல் புடவைகளைத் தனியே எடுத்து வையுங்கள். பக்கெட் கடையில் காசுக்குக் கிடைக்கும்.