60 நாள் தக்காளியும் எழுத்தில் இல்லாத காணியும்

"சம்பளத்தைப் பேச வேண்டிய சங்கம் தக்காளியைப் பேசுகிறதா?" மாதர் கூட்டமொன்றில் இந்தக் கேள்வி வந்தபோது எல்லோரும் சிரித்தோம். கேட்ட அக்கா சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது மேலேயிருந்து வந்த புத்திமதி, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்பதுதான். அந்த வருஷம் ஜூன் மாதம் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள், வீட்டில் பயிர் செய்யச் சொல்லி. கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரவேயில்லை. அவள் வழக்கம்போல் மலைக்குப் போனாள். கிலோ குறைந்த அன்றைக்கு அரைப்பேரோடு திரும்பினாள்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய்க்கும் 2024இல் 1350 ரூபாய்க்கும் வந்தது நாம் பேசியும் போராடியும்தான். லயத்தின் பின்னால் பத்துத் தக்காளிச் செடி இருக்கிறது என்பதற்காக அதில் ஒரு சதத்தையும் யாரும் கழித்துப் பேச முடியாது. இனி நடக்கும் பேச்சுவார்த்தைகளிலும் அப்படித்தான்.

இருந்தாலும் நடுங்கள் என்கிறோம். அதிலும் சீக்கிரம் பழுக்கிற இனமாகப் பார்த்து நடுங்கள் என்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

தக்காளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று கொடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். நாற்று நட்டபின் முதல் பழத்துக்கு 80, 90 நாள் கேட்கும். மற்றது இடுப்பளவில் நின்றுவிடும் குட்டைச் செடி. இதில் சீக்கிரம் பழுக்கும் இனங்கள் நட்ட 55 முதல் 65 நாட்களுக்குள் முதல் பழத்தைத் தந்துவிடும். பிறகு நாலைந்து வாரத்தில் காய்த்து முடிந்துவிடும். குளிர் கூடிய மேட்டுத் தோட்டங்களில் இந்தக் கணக்கு சில வாரம் பிந்தும், அவ்வளவுதான்.

நமக்கு அந்தக் குறுகிய காலம் ஏன் முக்கியம்? தக்காளியின் பெரிய எதிரி மழையும் குளிரும் சேர்ந்து கொண்டுவரும் வெளிறல் நோய். உருளைக்கிழங்குக்கு வருகிற அதே நோய்தான். இலையில் கருகின மாதிரிப் புள்ளி விழும். நாலு நாள் விடாமல் தூறினால் ஒரு வாரத்தில் முழுப் பாத்தியும் போய்விடும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதத்தில் பெரிய மழை பிடிக்கும். அங்கே டிசம்பர் கடைசியில் விதை போட்டு, ஜனவரி கடைசியில் நாற்றை நட்டால், மார்ச் கடைசிக்குப் பழம் வந்துவிடும். மே மழைக்கு முன் செடி தன் வேலையை முடித்திருக்கும். 90 நாள் இனத்தை நட்டவர் காயோடு மழையில் மாட்டிக்கொள்வார். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு தலைகீழ். அங்கே பெருமழை வருஷக் கடைசியில்தான், ஆகவே மே மாதத்தில் விதை போட வேண்டும். ஆனால் பீலியில் தண்ணி வற்றும் காலமும் அதுதான் என்பதை மறக்கக் கூடாது. நுவரெலியாவைச் சுற்றியுள்ளவர்கள் ஜனவரி, பெப்ரவரி உறைபனி போகும்வரை பொறுக்க வேண்டும். இரவுக் குளிர் 10 பாகையை நெருங்கினாலே பூ உதிர்ந்துவிடும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலைக்குப் பிடித்த மண் தக்காளிக்குப் பிடிக்காது. தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கும். தக்காளிக்கு அந்தப் புளிப்புக் குறைய வேண்டும். தேயிலை மண்ணை அப்படியே அள்ளிப்போட்டு நட்டுவிட்டு, 'எங்க கைக்குத் தக்காளி வராது' என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கைமேல் குற்றமில்லை. நாற்று நட இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே டொலமைட் கொஞ்சம் கலக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலைச் சலித்து, பாத்தியில் மெல்லியதாகத் தூவிக் கொத்திவிடலாம். விறகு அடுப்பு எரிக்கிற நமக்குச் சாம்பலுக்குப் பஞ்சமா?

உரப்பையில் மண்ணும் மக்கிய மாட்டுச் சாணமும் நிரப்பி, வெயில் படுகிற பக்கம் வைக்கலாம். கூரைத் தண்ணி நேரே விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நாற்றைக் கீழிரண்டு இலை வரை ஆழப் புதைத்தால் தண்டிலும் வேர் விடும். முட்டுக் கொடுக்கக் காய்ந்த கவ்வாத்துக் குச்சியே போதும். குட்டை இனத்தில் பக்கக் கிளையைக் கிள்ளக் கூடாது. அதில்தான் காய் இருக்கிறது. தண்ணியைக் காலையில் அடியில் ஊற்றுங்கள், இலையை நனைக்காதீர்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வாளி வாளியாக ஊற்றினால் காயின் அடி கறுத்துப்போகும். தோட்டத்து உரத்தைக் கொண்டுவந்து போடுவதும் வேண்டாம். அதில் நைதரசன்தான் அதிகம், செடி இலையாகக் கொழிக்கும், காய் இருக்காது. பிடிபட்டால் வேலையும் போகும். எண்ணெய் வெற்றுக் கேனில் நடலாம்; புல்லுக்கு மருந்து அடித்த கேனில் மட்டும் எதையும் நடாதீர்கள், அதில் தண்ணியும் எடுக்காதீர்கள்.

பத்துச் செடி ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்காது. ஆனால் 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இந்த வித்தியாசத்தைத் தக்காளி மாற்றாது. சம்பளமும் நல்ல தண்ணியும் வைத்திய வசதியும்தான் மாற்றும். தக்காளி செய்வது சின்ன வேலை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சீ உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற சாயத்தண்ணி அதற்கு நேர்மாறு, இரும்பைத் தடுக்கும். நாம் பறிக்கிற கொழுந்துதான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியாது. சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் கட்டாயம்.

மழையையும் மண்ணையும் விடப் பெரிய விஷயம் காணி.

நம்மில் பெரும்பாலானவர்கள் மரக்கறி போடும் துண்டு நிலத்துக்கு எந்தக் கடதாசியும் இல்லை. அப்பா கொத்தினார், நாம் கொத்துகிறோம். ஒரு தோட்டத்தில் பூத்து நின்ற செடிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தேயிலை வைக்கப் போகிறோம் என்றார்கள். இன்னொன்றில், களைக்கு மருந்து அடித்தபோது காற்றில் வந்த தூறலில் இலை சுருண்டு, ஒரு லயத்தின் தக்காளி முழுவதும் கெட்டது. கேட்டதற்கு, 'யார் உங்களை அங்கே நடச் சொன்னது' என்ற பதில்தான் கிடைத்தது. ஆறு மாதம் நிற்கும் பயிரை வைக்க நம் பெண்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது இப்போது விளங்கும். இரண்டு மாதத்தில் பழுக்கும் இனத்தை நாம் தேடுவதில் மழைக்கு உள்ள பயம் பாதி. மீதிப் பாதி, அடுத்த மாதம் இந்த மண் நம் கையில் இருக்குமா என்ற பயம். 150 வருஷத்துக்கு மேலாகக் காட்டை வெட்டித் தேயிலை வைத்த சனம், தக்காளிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வீடும் 7 பேர்ச் காணியும் கிடைத்த குடும்பங்கள் சில உண்டு. அவர்கள் மாதுளையும் வைக்கிறார்கள், கொய்யாவும் வைக்கிறார்கள். உறுதி கைக்கு வந்தால் மனிதர் என்ன நடுவார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. தொழிலாளி நட்ட பயிரை, அறுவடை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. லயத்துக்குப் பக்கத்தில் மருந்து அடிக்கும் நாளை முதல்நாளே பெரட்டில் அறிவிக்க வேண்டும். இரண்டுக்கும் நிர்வாகத்துக்கு ஒரு சதம் செலவில்லை. காணி உறுதிக்கான கோரிக்கை இவற்றோடு முடிந்துவிடவும் இல்லை. அது தனியாக, முன்னைவிடச் சத்தமாகத் தொடரும். இந்த இரண்டையும் நாளைக்கே கேட்கலாம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

விதைக்கு கமநல சேவை நிலையத்திலோ விவசாயத் திணைக்கள விற்பனை நிலையத்திலோ கேளுங்கள். திலின, மகேஷி, ராஜித என்று திணைக்களம் வெளியிட்ட இனங்கள் இருக்கின்றன. கடையில் வேறு பெயர்களும் இருக்கும். எதை வாங்கினாலும் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: குட்டைச் செடியா, எத்தனை நாளில் பழுக்கும், வாடல் நோயைத் தாங்குமா. கலப்பின விதை என்றால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் பயனில்லை, தாயைப் போல் பிள்ளை வராது. கலப்பினம் இல்லாததாக இருந்தால் நன்றாகப் பழுத்த முதல் பழங்களில் இரண்டைக் கறிக்குப் போடாமல் ஒதுக்குங்கள். சதையோடு விதையை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கழுவி, நிழலில் காயவைத்தால் அடுத்த முறைக்கு விதை தயார்.

ஒரு கிராம் விதையில் சுமார் 300 விதை இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அத்தனை தேவையில்லை. லயத்துக்கு ஒரு பைக்கற் வாங்கி மாதர் அணித் தலைவி பிரித்துக் கொடுத்தால், பத்துக் குடும்பத்துக்குத் தலைக்கு முப்பது விதை வரும். பாதி கெட்டாலும் பதினைந்து நாற்று.