வளர்கிற பிள்ளையும் வாங்குகிற வண்டியும்



கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்கச் செல்லும் நம் தாய்மார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பையனுக்குப் பத்து வயது என்றால் பன்னிரண்டு வயதுக்குரிய சட்டையைக் கேட்பார்கள். அளவு பெரிதாயிற்றே என்று கடைக்காரர் சொன்னால், "வளர்கிற பிள்ளைதானே!" என்ற மறுமொழி ஆயத்தமாயிருக்கும். சட்டையைப் பொறுத்தமட்டில் இது சிக்கனம், குற்றமில்லை. தொளதொளத்த சட்டையால் எவருக்கும் எலும்பு முறிந்ததில்லை. ஆனால் இதே சிக்கனத்தை எஞ்சின் பூட்டிய வண்டியிலும் கையாண்டால் என்ன நேரும் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

இச்சிந்தனைக்குக் காரணம் நமக்கு வந்த ஒரு கடிதம். நம் பங்கிலிருந்து அமெரிக்கா சென்று, டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறியுள்ள ஒரு குடும்பத் தலைவர் எழுதியிருந்தார். நகருக்கு வெளியே சிறிது நிலத்தோடு வீடு. பத்து வயது மகன் கிறிஸ்துமஸ் பரிசாக 'ஏ.டி.வி.' கேட்கிறான், அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் வைத்திருக்கிறார்களாம். "சாமி, சிறுவர் வண்டி இரண்டே ஆண்டில் அவனுக்குச் சிறிதாகிவிடும். பெரியவர்களுக்குரியதையே வாங்கி, மெதுவாக ஓட்டப் பழக்கலாம் என எண்ணுகிறேன். தங்கள் ஆசீரும் யோசனையும் வேண்டும்" என்பது கடிதத்தின் சாரம்.

ஏ.டி.வி. என்பது மோட்டார் சைக்கிளைப்போல் கைப்பிடியும், குதிரைமேல் அமர்வதுபோல் கால் விரித்து அமரும் இருக்கையும், காற்றழுத்தம் குறைந்த தடித்த நான்கு டயர்களும் கொண்ட வண்டி. சேற்றிலும் மண்மேட்டிலும் செல்வதற்கென்றே செய்யப்பட்டது, தார்ச்சாலைக்கு உரியதன்று. நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று கண்ணுக்குத் தோன்றும். அத்தோற்றம் ஏமாற்றுவது. வண்டியின் அகலம் குறைவு. ஓட்டுபவர் அமரும் இடமோ உயரம். வளைவிலும் சரிவிலும் ஓட்டுபவர் தம் உடலைச் சாய்த்தே பாரத்தைச் சமன் செய்யவேண்டும். பெரியவர்களுக்குரிய வண்டிகளுள் 300 கிலோ எடையுள்ளவையும் உண்டு. முப்பது கிலோச் சிறுவன் எப்பக்கம் சாய்ந்தால்தான் அது கேட்கும்? கவிழ்ந்தால் அவன்மீதன்றோ கவிழும்!

அமெரிக்க மக்கள் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றனர். மூன்று சக்கரங்களோடு தொடங்கிய இவ்வண்டிகளால் 1980-களில் சிறுவர் பலர் மாண்டனர். ஆகவே 1988-இல் அரசுக்கும் முக்கிய உற்பத்தியாளர்களுக்கும் இடையே நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டது. மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயதுக்குட்பட்டோருக்கு உரியவையல்ல என்று வரையறுக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. இப்போது வயதுக்கேற்ற வேக எல்லையும் வகுத்துள்ளனர். ஆறு வயது முதலானோர்க்குரிய வண்டி மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பத்து வயது முதலானோர்க்குரியது 48 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பழகும் நாட்களில் அதையும் 24 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் உண்டு. எந்த வயதுக்குரியது என்பது வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தார், 16 வயது நிரம்பாதவர் ஏ.டி.வி. ஓட்டவே வேண்டாம் என்கின்றனர். ஆகவே நாம் முதலாவதாக எழுதிய யோசனை இதுவே: "காத்திருக்க இயலுமானால் காத்திருங்கள்."

வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், பையனையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவன் வயதுக்குரிய வண்டியில் ஏற்றிப் பார்க்கச் சொன்னோம். கால்மிதிகளில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் உடலுக்கும் இடையே சில அங்குலமேனும் இடைவெளி வேண்டும். கைப்பிடியை முழுவதும் திருப்பும்போதும் முழங்கை சற்று மடிந்தேயிருக்க வேண்டும். விரல்கள் வருந்தாமல் பிரேக்கை எட்டி இறுக்கவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவ்வண்டி அவனுடையதன்று. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடிய காலணி இவையின்றி ஏறலாகாது. முறையான பயிற்சி வகுப்பும், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பும் வேண்டும். இருக்கை நீண்டிருப்பது தங்கையையும் ஏற்றிக்கொள்வதற்கன்று. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து பாரத்தைச் சமன் செய்வதற்கே.

"நமக்கேன் ஏ.டி.வி.யைப்பற்றிய கவலை?" என்று நம் ஊர்க் குடும்பங்கள் கேட்கலாம். பெயர் வேறு, ஆசை ஒன்றே.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் உதவிப் பங்குத்தந்தையாயிருந்த ஊரில் ஒரு தகப்பனார் புது மோட்டார் சைக்கிளை மந்திரிக்கக் கொண்டுவந்தார். பதினான்கு வயது மகன் அருகில் நின்றான். நாம் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்ததும், "இனி தம்பியும் ஓட்டுவான், சாமி!" என்றார் பெருமையோடு. நாமும் சிரித்தோம். ஒரு சொல் தடுத்துச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு மாலை, ரயில்வே கேட் மூடியிருக்கக் கண்டு பையன் வண்டியை நிறுத்தினான். கால் தரையை எட்டவில்லை. வேகமில்லை, மோதலில்லை, நின்ற வண்டியே அவன்மேல் சாய்ந்து முழங்காலை நொறுக்கிற்று. இன்று அவர் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கிறார். திருவிழாவுக்கு அவ்வூர் செல்லும்போதெல்லாம், நற்கருணை வாங்க அவர் விந்தி விந்தி வருவதைக் காண்கிறோம். அன்று நாம் சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. அதுமுதல், "ஓட்டப்போவது யார்?" என்று கேட்காமல் நாம் எந்த வண்டியையும் மந்திரிப்பதில்லை. சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. இருக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு 16 வயதும், மற்றவற்றுக்கு 18 வயதும் நிறையவேண்டும். 2019-இல் திருத்தப்பட்டபடி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடையக்கூடும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அச்சிறுவன் 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சியா நம் பிள்ளைகளைக் காக்கவேண்டும்? அன்பு போதாதா?

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் அரசர் தம் கவசத்தை அணிவித்த நிகழ்ச்சியை அறிவீர்கள். அரசர் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. தம்மிடமிருந்தவற்றுள் சிறந்ததையே கொடுத்தார். ஆனால் அது சவுலின் அளவு, தாவீதின் அளவன்று. நடக்க முடியாமற்போகவே தாவீது அதைக் கழற்றி வைத்தான். தன் கைக்கு அடங்கிய கூழாங்கற்களையே தேர்ந்தெடுத்தான். பரிசு கொடுக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டியது இதுவே: நாளை அவன் என்ன ஆவான் என்பதையன்று, இன்று அவன் கால் எங்கே எட்டுகிறது என்பதை.

டெக்சாஸிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. எந்த வண்டி வாங்கினாலும், வாங்காதுவிட்டாலும், அச்சிறுவனைக் காவல் சம்மனசானவர் காத்தருளும்படி நம் குடும்ப செபமாலையில் அவனுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுவோம். அப்படியே இவ்வாரம் நம் வீட்டு வண்டியின் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்வோம். பிள்ளையின் கைக்கு எட்டும் ஆணியிலிருந்தால், அதைச் சற்று உயர்த்தி அடிப்போம்.